எருமைக்கு எங்கே வியர்க்கும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்ததும் உங்கள் பத்திரிகையில் கோடைக்காலக் குறிப்புகள் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. மோர் குடியுங்கள், உச்சி வெயிலில் அலையாதீர்கள், பிள்ளைகளுக்குத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிவிடுங்கள் என்பதெல்லாம் சரி. கடைசியில் கால்நடைகளுக்கு என்று மூன்று வரி. வியர்வை மனிதனுக்கு மட்டும் வாய்த்தது, ஆடு மாடுகளுக்கு வியர்ப்பதில்லை, அவை வெயிலுக்குப் பழகியவை, கவலை வேண்டாம் என்று எழுதியவர் முடித்திருந்தார். அந்த மூன்று வரிக்குத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் வெட்ட வேண்டியிருந்தால் யானையை வெட்டுங்கள், எருமையில் கை வைக்காதீர்கள்.

நான் பர்மாவில் தட்டோன் பக்கத்து ஆள். கால்நடை மருத்துவ வேலையில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. டாக்டர் வந்து சேருவதற்குள் மாட்டைப் பிடித்துக் கட்டி, வாலைத் தூக்கி வெப்பமானி வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதி வைப்பவன். எத்தனையோ வாலைத் தூக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வெயில் காலத்தில் உடம்பு நனைந்து நிற்கும் விலங்கைப் பார்த்து நாம் ஐயோ பாவம் என்கிறோம். பக்கத்தில் உடம்பு காய்ந்துபோய் அசையாமல் நிற்கும் விலங்கு இருக்கிறதே, பெரும்பாலும் அதுதான் முதலில் விழும்.

இதைப் பத்திரிகைக்கு எழுதும் அளவுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் தெற்கே ஒரு எருமைக் குட்டை இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு வரும் வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லை, குட்டையைத் தூர்த்து மேடாக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் பேசுகிறார்கள். எருமைகள் எங்கே போகும் என்று கேட்டதற்கு ஒருவர் உங்கள் பத்திரிகையை மடித்து எடுத்துவந்து காட்டினார். "பேப்பர்லயே போட்டிருக்கு பாருங்க, அதுகளுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதாம்." அச்சில் வந்த மூன்று வரிக்கு எவ்வளவு பலம் பாருங்கள்.

சரி, மனிதனிலிருந்தே தொடங்குகிறேன். நம் தோலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. முடி குறைந்த தோல், அதில் உடம்பு முழுக்க நீர் விடும் சுரப்பிகள். இப்படி இரண்டும் சேர்ந்து அமைந்த உடம்பு விலங்குகளில் அபூர்வம், அதை ஒப்புக்கொள்கிறேன். வெயிலில் கடுமையாக உழைத்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே நமக்கு வியர்க்கும். ஆனால் மனிதனுக்கு மட்டும் என்றால் குதிரை சிரிக்கும். வெயிலில் நன்றாக ஓடவிட்ட குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை விடும். பகானிலும் பியின் ஊ ல்வினிலும் குதிரை வண்டியில் ஏறியவர்கள் வார் உரசும் இடத்தில் வெள்ளையாக நுரை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். குதிரையின் வியர்வையில் லாத்தரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் துணியில் ஊறுகிற மாதிரி வியர்வை முடிக்குள் பரவுவதற்கு அதுதான் காரணம். அது இல்லாவிட்டால் அடர்ந்த முடிக்கு அடியில் வியர்வை தேங்கி வீணாகும். நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வெயிலில் வேலை செய்யும் குதிரைக்குத் திடீரென்று வியர்வை நின்று தோல் காய்ந்துபோனால்தான் பயப்பட வேண்டும். புழுக்கமான நாடுகளில் சில குதிரைகளுக்கு அப்படி ஆவதுண்டு. அப்புறம் அதை ஓட்டவே கூடாது.

மாட்டுக்கும் வியர்க்கும். நம்பாதவர்கள் வண்டியை அவிழ்த்துவிட்ட காளையின் திமிலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முடி தோலோடு ஒட்டியிருக்கும், கை ஈரமாகும். நாம் சொட்டச் சொட்ட நிற்பது போல மாடு நிற்பதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாட்டின் தோலில் ஒவ்வொரு முடிக்கும் ஒரு வியர்வைச் சுரப்பி உண்டு. நம் திமில் மாடுகளுக்கு அந்தச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்புக்கு அருகில் இருப்பவை. முடியும் குட்டை. உடம்பு உண்டாக்கும் சூடும் குறைவு. அதனால்தான் ஐரோப்பாவிலிருந்து வந்த பால் மாடு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில் நாட்டுக் காளை அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது.

கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த இரத்தம் குளிர் நாட்டு இரத்தம். 25 பாகை செல்சியஸ் தாண்டினாலே அதற்குச் சிரமம் தொடங்கிவிடும், அது நமக்கு மார்கழி வெயில். மாட்டின் பெருவயிற்றில் புல்லும் வைக்கோலும் நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. நிறையப் பால் கறக்கும் மாடு நிறையத் தின்கிறது, எனவே உள்ளே சூடும் அதிகம். வெயில் ஏறினால் அது தானாகவே தீனியைக் குறைக்கும், பால் குறையும். பால் குறைந்துவிட்டது என்று உடனே ஊசி போடச் சொல்லி ஆளை அனுப்புவார்கள். நான் போனதும் முதலில் பார்ப்பது கூரையைத்தான். தகரக் கூரை என்றால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். தகரத்தின் மேல் ஓலை பரப்புங்கள், பெரிய தீனியை வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள், தண்ணீர்த் தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். மாட்டு வியர்வையில் பொட்டாசியம் நிறையப் போகும். நல்ல பசும்புல் கொடுத்தால் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். விலாவைப் பார்த்து மூச்சை எண்ணிப் பழகுங்கள். நிழலில் படுத்திருக்கும் மாடு நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது எருமை. எருமையின் தோல் கறுப்பு, வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். வெயிலை மறைக்க அடர்ந்த முடி கிடையாது. வியர்வைச் சுரப்பிகளோ மாட்டைவிட மிகக் குறைவு. பகல் பத்து பதினோரு மணிக்கு ஏரில் பூட்டிய எருமையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மூக்கு ஈரமாக இருக்கும், வாயில் எச்சில் நூலாகத் தொங்கும், கண் சிவந்திருக்கும். முதுகைத் தொட்டால் சுடும், ஆனால் கையில் ஈரம் ஒட்டாது. வாலைத் தூக்கி வெப்பமானி வைத்தால் 40-ஐத் தாண்டி நிற்கும். சாதாரணமாக அது 38 பாகையை ஒட்டி இருக்க வேண்டிய உடம்பு. அடி வாங்கியும் நகராமல் நிற்கும் எருமையை முரட்டு மாடு, சோம்பேறி மாடு என்று நம் ஆட்கள் திட்டுவார்கள். அதற்கு நகர முடியவில்லை, அவ்வளவுதான்.

அதே எருமையை அவிழ்த்துக் குட்டையில் இறக்குங்கள். மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரிய அமிழ்ந்துவிடும். அரை மணி கழித்து ஏற்றி மறுபடி வெப்பமானி வைத்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். எருமைத் தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்தக்கூடியது. எனவே வெயிலில் எருமையின் உடம்பு மாட்டைவிட வேகமாகச் சூடேறும், நீரில் மாட்டைவிட வேகமாகத் தணியும். மாட்டுக்கு வியர்வைச் சுரப்பி தோலில் இருக்கிறது. எருமைக்கு அது ஊருக்குத் தெற்கே இருக்கிறது, அதைத்தான் தூர்க்கப் பார்க்கிறோம்.

குட்டை எதற்கு, கைப்பம்பு போட்டுத் தருகிறோம், வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு யோசனையும் சொல்கிறார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் ஊற்றிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் வழிந்தும் காய்ந்தும் போய்விடும். சேறு அப்படி இல்லை. பூசிய சேறு நீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும், அது காயும்வரை தோல் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஈ அண்டாது, வெயிலும் நேரே படாது. இந்தியாவில் முர்ரா எருமைகளைத் தண்ணீர் தெளித்தே வளர்க்கிறார்களே என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. முர்ரா ஆற்று எருமை வகை, அது தெளிந்த நீரை விரும்பும். நம் பர்மா எருமை சேற்று எருமை வகை, புரண்டு படுக்கச் சேறு வேண்டும். இரண்டும் எருமைதான் என்றாலும் உள்ளேயே வேறு. ஆற்று எருமைக்கு 50 குரோமோசோம், சேற்று எருமைக்கு 48. அங்கே நடப்பதை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது.

பன்றிக்கும் இதே கதைதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்றிக்கு வியர்வைச் சுரப்பிகள் பெயருக்குத்தான், சூட்டைத் தணிக்க உதவாது. தோலுக்கு அடியில் கொழுப்பு வேறு. சேற்றில் புரளுவதை அசிங்கம் என்கிறோம், அதைத் தவிர அதற்கு வழி கிடையாது. சேறு கிடைக்காத கொட்டகையில் தன் மூத்திரத்திலேயே புரளும், பழி அதன்மேல் விழும். எங்கள் பக்கத்து கரேன் இனத்தார் வீடுகளில் கொட்டகை மூலையில் எப்போதும் ஒரு பள்ளம் விட்டு நீர் தேக்கிவைப்பார்கள். படிக்காமலே தெரிந்த விஷயம். பிறந்த குட்டி மட்டும் நேர்மாறு. அதற்கு முடியும் இல்லை, கொழுப்பும் இல்லை, 30 பாகைக்குக் குறைந்தாலே நடுங்கும். தாய்க்குக் குளிர்ச்சி, குட்டிக்குக் கதகதப்பு என்று ஒரே கொட்டகையில் இரண்டு விதமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

நாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் தப்பு நடப்பது அங்கேதான். நாய்க்கு வியர்வைச் சுரப்பி முக்கியமாக உள்ளங்காலில். பயந்த நாயைத் தூக்கி மருந்து மேசைமேல் நிறுத்தினால் தகரத்தில் ஈரமான பாதச் சுவடு பதியும், அதுதான் நாயின் வியர்வை. நாலு உள்ளங்கால் ஈரத்தால் ஒரு உடம்பு குளிருமா? குளிராது. அது வாயால்தான் சமாளிக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 30 தடவை மூச்சு விடும் நாய், சூடேறியதும் 300-க்கு மேல் போய்விடும். அப்படி இரைப்பதிலேயே உடம்பு இன்னும் சூடாகாதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. எங்கள் டாக்டர் விளக்கினார். நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இயல்பாகவே ஆடும் வேகம் ஒன்று உண்டு. ஊஞ்சலை அது வரும்போது தட்டுவதற்குப் பலம் வேண்டாமே, நாயும் அந்த வேகத்தில்தான் இரைக்கிறது. தசைக்கு வேலை மிகக் குறைவு. காற்று பெரும்பாலும் மூக்கு வழியாக உள்ளே போகும், வாய் வழியாக வெளியே வரும். மூக்குக்குள் அதற்கென்றே நீர் சுரக்கும் சுரப்பி இருக்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது அங்கே ஓடும் இரத்தம் குளிர்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடிக்கும் என்று வாயைக் கயிற்றால் கட்டி லாரியில் ஏற்றுகிறோம். அது இரைக்க வழியில்லை. வெளியே பார்க்க அமைதியாகப் படுத்திருக்கும், இறக்கும்போது உயிர் இருக்காது. மூக்கு சப்பையான நாய்களை ஆசைக்கு வாங்கி யாங்கோனிலிருந்து கொண்டுவருகிறார்கள். அந்த மூக்கில் காற்று போகவே இடமில்லை, வெயில் நேரத்தில் அதை நடக்கக் கூட்டிப்போவது கொடுமை. சிலர் கோடை வந்ததும் நாயின் முடியை ஒட்ட மழித்துவிடுகிறார்கள். நமக்கு மொட்டை அடித்தால் குளிர்ச்சி, நாய்க்கும் அப்படியே என்ற நினைப்பு. தோலில் வியர்வை இல்லாத விலங்குக்கு முடி எடுத்தும் பெரிய பயன் கிடையாது. வெயிலை மறைத்திருந்ததும் போயிற்று, தோல் வெந்ததுதான் மிச்சம். வெயிலில் நாய் விழுந்துவிட்டால் நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அப்புறம் டாக்டரைத் தேடுங்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைக்காதீர்கள், சாக்கு சூடாகி உள்ளே இருப்பதை உள்ளேயே அடைத்துவிடும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, எந்தப் பறவைக்கும் கிடையாது. மின்கம்பியில் காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் அதற்கு உடம்பு சூடேறிவிட்டது. பறவைக்கு இயல்பான உடம்புச் சூடே 41 பாகைக்குப் பக்கம், அதற்கு மேல் போக இடம் அதிகம் இல்லை. கோழி முதலில் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். கொண்டையிலும் தாடையிலும் இரத்தம் பாயும். பிறகு வாயைத் திறந்து தொண்டையை ஆட்டி மூச்சு வாங்கத் தொடங்கும். சித்திரை மாதத்தில் முட்டை ஓடு மெலிந்துவிடுகிறது, கூடையில் வைக்கும்போதே உடைகிறது என்று கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள், பண்ணைக்காரன் தீவனத்தில் ஏமாற்றுகிறான் என்பார்கள். எல்லா நேரமும் அவன் தப்பு இல்லை. கோழி வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். கார்பனேட்டுக்கு மூலப்பொருள் அந்த வாயுதான். அது குறைந்தால் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு கொடுத்தாலும் ஓடு கெட்டியாகாது. கோழி தன்னைக் குளிர வைத்துக்கொண்டதற்கு முட்டை விலை கொடுக்கிறது. கரண்டு போய் விசிறி நின்றால் கோழிக் கொட்டகையில் யாராவது நடந்துகொண்டே இருங்கள். கோழிகள் எழுந்து நகர்ந்தால் அடியில் அடைந்த சூடு வெளியேறும். நாரைகளும் அமெரிக்கக் கண்டத்துப் பிணந்தின்னிக் கழுகுகளும் தம் கால்மேலேயே எச்சமிட்டு அந்த ஈரத்தில் குளிர்ந்துகொள்ளும். வெள்ளையடித்தது போன்ற அந்தக் கால்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

யானையை நான் அதிகம் கையாண்டதில்லை. பெகு யோமா மலைக்காட்டில் மரம் இழுக்கும் யானை முகாம் ஒன்றுக்கு டாக்டரோடு மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு போனபோது பாகர் ஒருவர் காலைக் காட்டினார். நகத்தைச் சுற்றி மட்டும் ஈரம் கசிந்திருந்தது, அவ்வளவு பெரிய உடம்பில் வியர்க்கும் இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் காது, தும்பிக்கை, சேறு. காதின் பின்புறம் இரத்தக் குழாய்கள் படர்ந்திருக்கும், விசிற விசிற இரத்தம் குளிரும். வெட்டவெளியில் திரியும் ஆப்பிரிக்க யானையின் காது முறம் போல விரிந்திருப்பதும், காட்டு நிழலில் வாழும் நம் யானையின் காது சிறியதாக இருப்பதும் காரணமில்லாமல் இல்லை. தோலின் சுருக்கங்களில் நீரும் சேறும் தங்கி மெதுவாக ஆவியாகும். இந்த நாட்டு மரவேலையில் யானைக்குக் கோடை ஓய்வு என்று ஒரு பழைய ஒழுங்கு உண்டு, மாசி தொடக்கத்திலிருந்து வைகாசி கழியும்வரை இழுக்கும் வேலை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் வழக்கம். யானைக்குக் கிடைத்த அந்த நியாயம் சந்தைக்குச் செங்கல் இழுக்கும் வண்டி மாட்டுக்குக் கிடைக்கவில்லை.

ஒட்டகமும் நீர்யானையும் நம் ஊர் விவகாரம் இல்லை, என்றாலும் கேட்ட பிள்ளைகளுக்காக இரண்டு வரி. தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் வியர்வையை மிச்சம் பிடிக்க, உடம்புச் சூட்டை விடிகாலையில் 34 வரை இறங்கவும் சாயங்காலம் 41 வரை ஏறவும் விட்டுவிடும். ராத்திரிக் குளிரில் அந்தச் சூடு செலவில்லாமல் போய்விடும். நீர்யானைக்கு இரத்தமாக வியர்க்கும் என்பது கதை. அது இரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை. தோலைக் காக்கும் ஒரு பூச்சு, சுரந்த சில நிமிடங்களில் சிவக்கிறது. ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் அந்த நிறப்பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். வெயிலையும் தடுக்கும், கிருமியையும் தடுக்கும்.

இனி, "வெயிலுக்குப் பழகியவை" என்ற வரிக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 28-இல் மக்வே பகுதியில் சௌக்கில் 48.2 பாகை அடித்தது. இந்த நாட்டில் ஏப்ரல் மாதத்துக்கு அதுவரை பதிவானதில் அதுதான் அதிகம். அன்று மாண்டலேயில் 44, யாங்கோனில் 40. இதற்கு யார் பழகியிருக்கிறார்கள், மனிதனா மாடா?

அதோடு பாகை மட்டுமே கணக்கில்லை. வியர்வை ஒரு லிட்டர் முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். ஆவியாகாமல் சொட்டி மண்ணில் விழுந்தால் ஒன்றும் போகாது, உடம்பில் உப்பும் நீரும் குறைந்ததுதான் மிச்சம். சௌக்கின் காற்று வறண்டது, வழிப்போக்கருக்கு வைத்த மண்பானைத் தண்ணீர் அங்கே சில்லென்று இருக்கும். மழைக்கு முந்தைய எங்கள் தட்டோன் புழுக்கத்தில் அதே பானை வெதுவெதுப்பாகவே இருக்கும். இலண்டனில் 1774-இல் பிளாக்டன் என்ற மருத்துவர் நண்பர்களோடு ஒரு அறையை 100 பாகைக்கும் மேல் சூடாக்கி உள்ளே போய் நின்றார். கூடவே ஒரு நாய், முட்டை, மாட்டிறைச்சித் துண்டு. நாயின் கால் தரையில் படாமல் கூடையில் வைத்திருந்தார்கள். முட்டை வெந்தது, இறைச்சி வெந்தது, மனிதர்களும் நாயும் பத்திரமாக வெளியே வந்தார்கள். காற்று வறண்டிருந்ததால் வியர்வையும் நாயின் மூச்சும் வேலை செய்தன. அதே சூட்டில் அறை முழுக்க நீராவி இருந்திருந்தால் அந்தக் கதையை எழுத ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்கள். எனவே மேல்பர்மா வெயிலைக் காட்டி, இங்கே 38 தானே என்று சொல்லாதீர்கள். இந்த 38-இல் குதிரையும் மாடும் விடும் வியர்வை சரியாகக் காயாது, நாய் எவ்வளவு இரைத்தாலும் பாதிப் பயன்தான். நீருக்குள் இறங்கிச் சூட்டைக் கழிக்கும் விலங்கு மட்டும்தான் காற்றின் ஈரத்துக்குப் பயப்பட வேண்டாம். அதனால் எங்கள் மாதிரி புழுக்கமான ஊரில் குட்டைக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் வருகிறது, நம் சித்திரைப் புத்தாண்டும் அதோடு வருகிறது. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். விலங்குகளுக்கும் ஊற்றலாமா என்று பிள்ளைகள் கேட்டால் எருமைக்கும் பன்றிக்கும் தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்து நிற்கும் வண்டி மாட்டுக்கும் குதிரைக்கும் ஊற்றலாம், மூக்கிலும் காதிலும் பீச்சக் கூடாது. தெரு நாய்க்கு அது ஓடாமல் நின்றால் ஊற்றலாம், துரத்தித் துரத்தி ஊற்றினால் ஓடியே சூடேறிவிடும். அடைத்து வைத்த கோழிக் கொட்டகைக்குள் மட்டும் வேண்டாம். தரை நனைந்து காற்றில் ஈரம் ஏறினால் கோழி விடும் மூச்சு பயனில்லாமல் போகும்.

குட்டை விஷயத்துக்கு வருகிறேன். நான் கோயிலுக்கு எதிரி இல்லை, இளவயதில் நானும் அக்கினியில் இறங்கியவன்தான். திருவிழா வருவது உளுந்து எடுத்து வயல் காய்ந்து கிடக்கும் நேரத்தில். கோயிலுக்கு மேற்கே வரப்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டால் எத்தனை வண்டி வந்தாலும் நிறுத்தலாம், மழைக்கு முன் வரப்பைத் திரும்பப் போட்டுவிடலாம். நிலக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. எருமையே குறைந்துவிட்டது, எல்லாரும் கைடிராக்டருக்குப் போய்விட்டார்கள் என்கிறார்கள். டீசல் வாங்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் இன்னும் எருமையோடுதான் இருக்கிறார்கள், அவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசுகிறவர்கள் அல்ல. கூட்டம் திஞ்சான் கழிந்ததும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வெயில் தாழ்ந்த பிறகு வைத்தால் அவர்களும் வருவார்கள்.

உண்மையில் அந்தக் குட்டைக்குத் தேவை தூர்ப்பது இல்லை, தூர் வாருவதுதான். கிழக்குக் கரை செங்குத்தாக இருப்பதால் கன்றுகள் இறங்க முடிவதில்லை. அங்கே சாய்வாக வெட்டி, அந்த மண்ணைக் கோயில் வாசலில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொட்டலாம். மண் சுமக்க என் வண்டியும் காளைகளும் வரும், காலை எட்டு மணிக்குள் என்றால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர்,
தட்டோன் வட்டாரம்.